கித்தான் கூடாரத்துக்குள் விறகடுப்பு: ஜனவரிப் பயணத்துக்கு முன் சில கேள்விகள்

கெடிலக்கரையான் | அக்டோபர் 6

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர், திருப்பாதிரிப்புலியூரைச் சுற்றிக் குடியிருப்பவர்கள். வருகிற ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில், எங்களில் ஒருவருடன் முன்பு வேலை பார்த்தவரின் ஆப்பிள் தோட்டத்தில் ஐந்து இரவுகள் கூடாரம் அடித்துத் தங்க இசைவு பெற்றிருக்கிறோம். அந்தத் தோட்டம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மாதத்தில் இரவு வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி வரை இறங்கும் என்று தோட்டக்காரர் சொல்கிறார். இதற்கு முன் ஒரு டிசம்பரில் ஊட்டியில் நைலான் கூடாரத்தில் தங்கி, விடிய விடியப் பல் கிட்டித்த அனுபவம் எங்களுக்கு உண்டு என்பதால், இம்முறை கித்தான் துணியில் பெரிய கூடாரம் தைத்து, உள்ளே புகைபோக்கியுடன் கூடிய சிறிய இரும்பு விறகடுப்பு வைக்கலாம் என்று எண்ணுகிறோம்.

கேட்க வேண்டியவை மூன்று. அடுப்பை இங்குள்ள வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமா? புகைக்குழாயைத் துணி பற்றிக்கொள்ளாமல் எப்படி வெளியே கொண்டுபோவது? விறகு சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும் என்பதால், இரவு முழுவதும் கனன்றுகொண்டிருக்க நெய்வேலி நிலக்கரியோ அடுப்புக்கரியோ போட்டு, காற்று வழியைக் குறைத்துவிட்டுத் தூங்கலாமா?

பனிப்பாதை | அக்டோபர் 6

முதல் இரண்டு கேள்விகளுக்கும் "ஆம்" என்ற திசையில் விடை இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு இப்போதே "கூடாது" என்று சொல்லிவிடுகிறேன். காரணத்தை இறுதியில் எழுதுகிறேன்.

நான் முத்தியால்பேட்டைக்காரன்; அடுப்பு வைத்த கூடாரத்தில் மலைக்குளிரில் ஏழெட்டு முறை தங்கியிருக்கிறேன். நீங்கள் போகும் குலு பக்கத்தில் வீட்டுக்குள் கணப்புக்காக வைக்கும் இரும்பு அடுப்பைத் தந்தூர் என்பார்கள். காஷ்மீரிலும் லடாக்கிலும் அதையே புகாரி என்பார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு வந்து நம்மவர்கள் செய்யும் தவறு, அடுப்பை மட்டும் நகலெடுப்பது. அடுப்பு, குழாய், குழாய் வெளியேறும் துளை, காற்று உள்ளே வரும் வழி ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒரு சாதனம். அடுப்பு கூடாரத்துக்குள் இருக்கும் காற்றை எடுத்துக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. அதே அளவு காற்று கீழே எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். குளிர் புகாமல் இருக்கட்டும் என்று கூடாரத்தின் அடிப்பாவாடையைச் சுற்றிலும் பனியை அள்ளிப்போட்டு மூடிவிடுகிறார்கள். அப்படி மூடினால், வெளியே போக வேண்டிய புகை வேறு வழியின்றித் திரும்பி வரும். தாழ்வாக ஒரு கையகலத் திறப்பும், உச்சியில் ஒரு திறப்பும் எப்போதும் இருக்க வேண்டும்.

புகைக்குழாயின் இழுவை, குழாய்க்குள் இருக்கும் சூடான வாயுவுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டையும் குழாயின் உயரத்தையும் பொறுத்தது. நம் ஊர் மார்கழி விடியலில் இருபது டிகிரிக்கு மேல் இருக்கும் காற்றில் ஒழுங்காக இழுக்கும் அடுப்பு, உறைகுளிரில் அதைவிட நன்றாகவே இழுக்கும். ஆகவே கடலூரிலேயே வெள்ளோட்டம் பார்ப்பது வீண் வேலை என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். குழாயின் வாய் கூடாரத்தின் முகட்டைவிட ஒரு முழமாவது உயர்ந்திருக்கட்டும். தாழ்ந்திருந்தால் முகட்டைத் தாண்டி வரும் காற்று புகையைக் கீழே அழுத்திவிடும், பொறிகளும் துணியின்மேல் விழும்.

இனி மூன்றாவது கேள்வி. காற்று வழியைக் குறைத்து நெருப்பைக் கனல விடுவது என்றால், அதை அரைகுறையாக எரிய விடுவது என்று பொருள். அரைகுறையாக எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக உண்டாகிறது. குழாய் குளிர்ந்து, இழுவை குறைந்து, உள்சுவரில் தார் படிவதும் அப்போதுதான். கூடாரத்து அடுப்பு உறங்கப்போவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்கும், எழுந்த பின் ஒரு மணி நேரத்துக்கும் உரியது. இடைப்பட்ட இரவை உங்கள் உறக்கப்பையும் கீழே விரிக்கும் மெத்தையும்தான் தாங்க வேண்டும். அடுப்பு இருக்கிறதே என்று மெல்லிய உறக்கப்பை வாங்காதீர்கள். அடுப்பே இல்லை என்று நினைத்து வாங்குங்கள்.

பட்டறை வெளிச்சம் | அக்டோபர் 7

தட்டாஞ்சாவடியில் இருபது ஆண்டுகளாக வெல்டிங் வேலை செய்பவன் என்ற முறையில் இரும்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாற்பது சென்டிமீட்டர் நீளமும் இருபத்திரண்டு சென்டிமீட்டர் அகல உயரமும் கொண்ட பெட்டி நான்கு பேருக்குப் போதும். 18 கேஜ் தகட்டில், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டரில் செய்தால் பெட்டி மட்டும் நான்கு கிலோவுக்குச் சற்று மேல் வரும். மூன்று மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் பத்தரைக் கிலோ ஆகும். ரயிலில் தூக்கிப்போக வேண்டியவர்களுக்கு மெல்லிய தகடே ஏற்றது. ஆனால் மெல்லிய தகடு சூட்டில் நெளியும் என்பதால் பக்கச் சுவர்களில் குறுக்காக ஒரு மடிப்பு விடச் சொல்லுங்கள். அடித்தகட்டின்மேல் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் நெருப்பு வையுங்கள். கதவு அளவாகப் பொருந்த வேண்டும், காற்றுத் துளைக்குத் தள்ளுமூடி வேண்டும், கால்கள் மடங்க வேண்டும். மற்றவை அழகுக்காகத்தான்.

குழாயில்தான் ஏமாறுவார்கள். ஜி.ஐ. தகட்டுக் குழாய் மலிவாகக் கிடைக்கும், பளபளப்பாகவும் இருக்கும். அதன்மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பூச்சு உரியத் தொடங்கும். ஜி.ஐ. கேட்டுகளைப் பற்றவைத்த அன்று இரவு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வருவதை எங்கள் தொழிலில் அறியாதவர் இல்லை. பால் குடித்தால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு, நானும் நிறையக் குடித்திருக்கிறேன், பயன் பசுவுக்குத்தான். அந்தப் புகையை மூடிய கூடாரத்துக்குள் வரவழைக்க வேண்டாம். 304 தர எவர்சில்வர் தகட்டில் மூன்று அங்குலக் குழாயாக, அரை மீட்டர் துண்டுகள் ஐந்து செய்துகொள்ளுங்கள். எனக்கே ஒரு கடையில் ஜி.ஐ. குழாயை எவர்சில்வர் என்று கட்டிவிட்டார்கள். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுபோயிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஜி.ஐ. காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும்; 304 பெரும்பாலும் பிடிக்காது.

துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகும் திசையிலும் கவனம் தேவை. மாடியிலிருந்து மழைநீர் இறக்கும் குழாயில் மேல்துண்டு கீழ்த்துண்டின் வாய்க்குள் இறங்கியிருக்குமே, அதே முறைதான் இங்கும். மாற்றிச் செருகினால் உள்ளே உருகி வழியும் தார் ஒவ்வோர் இணைப்பிலும் வெளியே கசிந்து, சூடான குழாயின்மேல் ஓடித் தீப்பிடிக்கும். புகை மேலே போகிறது, ஆகவே மேல்துண்டு வெளியே இருக்க வேண்டும் என்று வாதிடும் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதுநகர் படுதா | அக்டோபர் 9

தம்பி, கடலூர் முதுநகரில் படுதாவும் தார்ப்பாயும் தைப்பது எங்கள் குடும்பத் தொழில். தானே புயலுக்குப் பின், 2012 தொடக்கத்தில், கூரை போன வீடுகளுக்குத் தைத்துக் கொடுத்த தார்ப்பாய்களுக்குக் கணக்கே இல்லை. கூடாரம் தைப்பது எனக்குப் பெரிய வேலை அன்று. ஆனால் உள்ளே அடுப்பு எரியும் என்று நீங்கள் சொல்வதால் சிலவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கித்தான் என்று கேட்டால் கடையில் மூன்று விதமாகக் கொடுப்பார்கள். லாரிக்குப் போடும் பழைய பாணித் துணியில் மெழுகு ஏற்றியிருப்பார்கள். மழைக்கு அதைப் போல ஒன்று கிடையாது, நெருப்புக்கு அது திரி. பாலியெஸ்டர் கலந்த துணி இலகுவாக இருக்கும். பொறி பட்ட இடத்தில் உருகிச் சொட்டும், அந்தச் சொட்டு தோலில் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது மெழுகில்லாத முழுப் பருத்தி, தீத்தடுப்பு மருந்து ஏற்றியது. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, கொல்லைப்புறத்தில் இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். மெழுகுத்துணி கருகுமுன்பே மினுமினுத்து வியர்க்கும், பிறகு சுடர் ஏறிக்கொண்டே போகும். மருந்து ஏற்றிய துணி கருகும். குச்சியை எடுத்ததும் சுடர் அணைந்துவிடும்.

சதுர மீட்டருக்கு 350 கிராம் துணியில் உங்கள் கூடாரத்துக்கு 35 சதுர மீட்டராவது போகும். அதாவது துணி மட்டும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், கயிறும் முளையும் தனி. நனைந்தால் ஒருவரால் தூக்க முடியாது.

குழாய் வெளியேறும் இடத்தில் துணியை வெட்டி, சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழைத் துணியில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒட்டுப்போட வேண்டும். வெல்டிங் பட்டறைகளில் பொறி தடுக்கத் தொங்கவிடுவார்களே, அந்த வகைத் துணி. துளையை வட்டமாக வெட்டாதீர்கள். சரிந்த கூரையில் செங்குத்தாக ஏறும் குழாய்க்கு நீள்வட்டத் துளை வேண்டும். 45 டிகிரிச் சரிவில் மூன்று அங்குலக் குழாய்க்கு நீளவாக்கில் நாலேகால் அங்குலம், அதன்மேல் சிறிது தளர்வு. வட்டமாக வெட்டினால் காற்றில் கூரை அசையும்போதெல்லாம் துணி குழாயின்மேல் ஏறி உரசும். துளைக்கு அருகில் பாலியெஸ்டர் நூல் கூடாது.

இன்னொன்று, தைத்து முடித்ததும் கூடாரத்தை அப்படியே மடித்து மூட்டை கட்டிவிடாதீர்கள். பருத்தி நூல் நனைந்து ஊறினால்தான் ஊசித்துளைகள் அடைபடும். ஐப்பசி மழை நெருங்குகிறது, கூலியில்லாத வேலையாள்; மொட்டைமாடியில் கட்டி இரண்டு மழை நனைய விடுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் கரும்புள்ளி பூஞ்சணம் வந்துவிடும்.

சுரங்கத்தூசி | அக்டோபர் 9

நெய்வேலிக் கரியைக் குறித்து நெய்வேலிக்காரன் பேசாமல் இருக்க முடியாது. அது பழுப்பு நிலக்கரி. தோண்டி எடுக்கும்போது எடையில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே அனல்மின் நிலையத்தை வைத்திருக்கிறார்கள். தண்ணீரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவதில் பொருள் இல்லை. கந்தகமும் உண்டு. இந்தத் துக்கடா அடுப்பில் போட்டால் புகையும், நாறும், அணையும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதைத் தூக்கிப்போக நினைத்த உங்கள் நண்பருக்கு என் அனுதாபங்கள்.

முந்திரித்தோப்பு | அக்டோபர் 10

பண்ருட்டிப் பக்கம் முந்திரி விறகு மலிவு என்பதால் வெள்ளோட்டத்துக்கு அதைப் பயன்படுத்தத் தோன்றலாம். விறகு எரியும், ஆனால் அதோடு முந்திரிக்கொட்டைத் தோட்டைப் போட்டுவிடாதீர்கள். தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் புண்ணாக்குவது இங்கே உடைக்கும் பெண்களுக்குத் தெரியும். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். நம் கடற்கரை ஓரத்துச் சவுக்குதான் விறகுகளில் அரசன்.

பட்டறை வெளிச்சம் | அக்டோபர் 10

அந்த அரசனை முழுப் பெட்டியாக நிரப்பிவிடாதீர்கள். 1.2 மில்லிமீட்டர் தகட்டில் காய்ந்த சவுக்கு நிறைய எரிந்தால் பக்கச் சுவர் செக்கச் சிவந்துவிடும். மணிக்கட்டுப் பருமனில் மூன்று துண்டு, அது தணிந்த பிறகு மூன்று துண்டு.

மருந்துப்பெட்டி | அக்டோபர் 12

நான் புதுச்சேரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மேலே ஒருவர் கார்பன் மோனாக்சைடைக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். இந்த இழையில் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான் என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடுவோம். இது வந்தால் தூக்கம்தான் வரும். இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இது ஒட்டிக்கொள்கிறது. புகையே இல்லாமல் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும் அடுப்புக்கரிதான் இதை மிகுதியாக வெளியிடும். கும்மட்டி அடுப்பை அறைக்குள் வைத்து, சன்னலைச் சாத்திவிட்டு உறங்கிய குடும்பங்கள் எழாமல் போன செய்திகள் வடநாட்டில் குளிர்காலந்தோறும் வருகின்றன. ஆகவே அடுப்புக்கரி வேண்டாம் என்பதைப் பனிப்பாதை ஐயாவை விடக் கடுமையாக நானும் சொல்கிறேன்.

உங்கள் பயணத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. தலைவலி, குமட்டல், சோர்வு, தலைசுற்றல் ஆகியவை கார்பன் மோனாக்சைடு நஞ்சின் தொடக்க அறிகுறிகள். உயரத்துக்கு விரைந்து ஏறியவர்களுக்கு வரும் மலைநோயின் அறிகுறிகளும் அவையே. மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் என்றாலும் உங்கள் இடம் அந்த எல்லைக்கு அருகில் இருக்கிறது. கூடாரத்துக்குள் ஒருவர் தலைவலிக்கிறது என்று சொன்னால் மலையின்மேல் பழியைப் போட்டுவிட்டு மாத்திரை தேடுவது இயல்பு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் அனைவரும் வெளியே வாருங்கள், பிறகு மருத்துவம் பார்க்கலாம். வெளிக்காற்றில் அரை மணி நேரத்தில் தலைவலி குறைந்தால் அடுப்பின்மேல்தான் ஐயம். குறையாவிட்டாலும் அடுப்பைச் சோதிக்காமல் உள்ளே போகாதீர்கள். குழப்பமோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வாங்கும்போது எண் காட்டும் திரை உள்ளதாக வாங்குங்கள். அமெரிக்காவின் யூ.எல். 2034 தரத்தின்படி செய்த கருவி, காற்றில் பத்து லட்சத்துக்கு 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடங்களிலும், 150 பங்கு இருந்தால் 10 முதல் 50 நிமிடங்களிலும் கத்தும். 70 பங்கு என்றால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரைகூட எடுத்துக்கொள்ளும். அதாவது கருவி மௌனமாக இருக்கிறது என்பதால் காற்று தூய்மையாக இருக்கிறது என்று பொருளாகாது. படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். குளிரில் சாதாரண பேட்டரி சோர்ந்துவிடும், லித்தியம் பேட்டரி போடுங்கள்.

கடற்காற்று | அக்டோபர் 13

இவ்வளவு அச்சம் தேவையா என்று தோன்றுகிறது. நால்வர் இருக்கிறீர்கள், ஆளுக்கு இரண்டு மணி நேரம் முறைக்காவல் போட்டு, சிறு சிறு விறகாக இட்டு, நெருப்பை நன்றாக எரிய வைத்துக்கொண்டே விடிய வைக்கலாமே? படகில் கடலுக்குப் போகிறவர்கள் விழித்திருக்கவில்லையா?

பனிப்பாதை | அக்டோபர் 13

முறைக்காவல் சரியான முறைதான். அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பகலெல்லாம் பனியில் நடந்து, இரவு இரண்டு மணிக்கு வெதுவெதுப்பான அடுப்பின் அருகே உட்கார்ந்திருக்கும் ஒருவர் விழித்திருப்பார் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நானே ஒருமுறை அப்படிக் காவலிருந்து, காலுறை கருகும் வாடையில்தான் கண் திறந்தேன். படகில் உடலின்மேல் உப்புத் தண்ணீர் அடிக்கும். அடுப்பருகே அது இல்லை.

கடற்காற்று | அக்டோபர் 13

காலுறையை ஒப்புக்கொள்கிறேன். முறைக்காவலை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

கெடிலக்கரையான் | டிசம்பர் 21

அனைவருக்கும் நன்றி, நீண்ட இடைவெளிக்கு மன்னிக்கவும். அடுப்பும் கூடாரமும் தயாராகி, நேற்று நண்பர் ஒருவரின் சவுக்குத் தோப்பில் வெள்ளோட்டம் பார்த்தோம்.

முதல் நெருப்பைக் கூடாரத்துக்கு வெளியே மூட்டச் சொல்லி வெல்டர் தந்த அறிவுரையைக் கேட்டது நல்லதாயிற்று. சூடு தாங்கும் வண்ணம் என்று பூசியது, முதல் அரை மணி நேரம் கண்ணில் நீர் வரும்படி புகைந்து, பிறகு இறுகிக்கொண்டது. அடுப்பு ஆறியதும் உள்ளே வைத்து, கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வேலை செய்தோம். இருட்டிய பிறகு நெருப்பின்மேல் ஈர வைக்கோலை ஒரு பிடி போட்டுவிட்டு, ஒருவர் டார்ச் விளக்கைக் குழாயின் பின்னால் பிடித்துக்கொண்டார். மற்ற இணைப்புகளில் ஒன்றும் இல்லை. மூன்றாம் இணைப்பில் மட்டும் நூல் பருமனில் வெண்புகை வெளிவந்து, விளக்கொளியில் சுருண்டு சுருண்டு ஏறுவது தெளிவாகத் தெரிந்தது. என் அம்மா மண்ணடுப்புக்குப் பூசுவதைப் போல களிமண்ணும் சாம்பலும் குழைத்து அப்பினோம். சூடேறியதும் வெடித்து உதிர்ந்தது. அந்தத் துண்டின் வாய் சற்றே முட்டை வடிவில் நசுங்கியிருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. பட்டறையில் ஓர் இரும்பு உருளையின்மேல் வைத்துத் தட்டிக் கொடுத்தார்கள்.

 குழாயின் உச்சியில் பொறித்தடுப்பு வலை மாட்டியிருக்கிறோம். ஒரு சிக்கலுக்கு மட்டும் விடை தெரியவில்லை: பனித்தரையில் அடுப்பை எப்படி நிறுத்துவது?

பனிப்பாதை | டிசம்பர் 22

ஒன்றரை அடிக்குள் பனி என்றால் மண் தெரியும் வரை தோண்டிவிட்டு, தட்டையான கற்களின்மேல் நிறுத்துங்கள். ஆழமான பனி என்றால் மிதித்து இறுக்கி, ஒரு மணி நேரம் கெட்டிப்பட விட்டு, இரண்டு பச்சைக் கட்டைகளைக் குறுக்கே போட்டு அவற்றின்மேல் வையுங்கள். நேரே வைத்தால் கால்கள் உருக்கிக்கொண்டு இறங்கி, அடுப்பு சாயும், குழாய் பிடுங்கிக்கொள்ளும். குழாயை மூன்று திசையில் கம்பி கட்டி நிறுத்துங்கள், நைலான் கயிறு கூடாது. அடுப்புக்கும் துணிச்சுவருக்கும் இடையே இரண்டு முழம் இருக்கட்டும். துணி உலர்த்தும் கயிற்றை அடுப்புக்கு நேர் மேலே கட்டாதீர்கள். கெட்டிலில் நீரை விடாமல் கொதிக்க வைத்தால் அந்த ஆவி முழுவதும் கூரையின் உட்புறத்தில் படிந்து, விடியும்போது உறைபனியாக உங்கள்மேல் உதிரும். விரைந்து அணைக்க வேண்டி வந்தால் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதிநீராவி முகத்தில் அடிக்கும். கதவையும் காற்றுத் துளையையும் மூடி, மணலோ சாம்பலோ போடுங்கள். எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

விறகைப் பற்றி ஒரு சொல். ஆப்பிள் மரங்களைக் கிளை கழிப்பது குளிர்காலத்தில்தான், ஆகவே தோட்டத்தில் விறகு குவிந்து கிடக்கும். இந்த ஆண்டு கழித்ததைத் தொடாதீர்கள், சென்ற ஆண்டுக் குவியலைக் கேளுங்கள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது "டங்" என்று ஒலிக்கும், ஈரமானது "தொப்" என்று மழுங்கும். பக்கத்துக் காட்டில் தேவதாரு கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள்; அது வனத்துறையின் சொத்து.

கெடிலக்கரையான் | ஜனவரி 29

திரும்பி வந்துவிட்டோம், நால்வரும் நலம். ஆனால் மூன்றாம் இரவைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட்டுவிட மனம் வரவில்லை.

முதல் இரண்டு இரவுகள் நீங்கள் எழுதியபடியே நடந்தன. அடுப்பு மூட்டிய கால் மணி நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒன்பதரை மணிக்கு நெருப்பை முழுவதும் தணிய விட்டு, சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு உறங்கினோம். விடிகாலையில் தலைமாட்டில் வைத்த தண்ணீர்ப் புட்டியில் பனி ஏடு கட்டியிருந்தது. உறக்கப்பைக்குள் குளிர் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாலை பழைய விறகு தீர்ந்துபோயிற்று. தோட்டத்தில் வேலை செய்பவர் அன்பாக ஒரு சுமை கொண்டுவந்து போட்டார். அது அந்த வாரம் கழித்த கிளை. தட்டிப் பார்க்கத் தெரிந்தும் சோம்பலில் தட்டிப் பார்க்கவில்லை. நெருப்பில் வைத்ததும் வெட்டுவாயில் நுரை கக்கி, "உஸ்" என்று சீறியது. அப்போதாவது எடுத்திருக்க வேண்டும். எட்டரை மணி இருக்கும், எங்களில் இளையவர் தலை கனக்கிறது, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மாத்திரை டப்பாவைத் திறந்தார். அந்த நொடியில் எனக்கு மருந்துப்பெட்டி அம்மையார் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. கருவியைத் திருப்பிப் பார்த்தேன்: 58. அது இன்னும் கத்தத் தொடங்கவில்லை, கூடாரத்தில் புகையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வாயில் துணியை முழுவதும் தூக்கிக் கட்டிவிட்டு நால்வரும் வெளியே வந்து நின்றோம். இருபது நிமிடத்தில் அவர் பாரம் குறைகிறது என்றார், அரை மணிக்குள் பசிக்கிறது என்றார். நெருப்பு தானாக அணைந்து, குழாய் ஆறிய பிறகு இறக்கிப் பார்த்தால், உச்சியில் இருந்த பொறித்தடுப்பு வலையின் கண்கள் பாதிக்கு மேல் கறுப்புப் பாகு போன்ற தாரால் அடைபட்டிருந்தன. ஈர விறகின் புகை குளிர்ந்த உச்சியில் படிந்து, ஒரே மாலையில் அந்த வேலையைச் செய்திருக்கிறது. அன்று இரவு அடுப்பில்லாமல் உறங்கினோம். உறக்கப்பைக்குச் செலவழித்த பணம் அன்றுதான் முழுமையாகச் செரித்தது. மறுநாள் முதல் மாலைதோறும் வலையைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, சூரியனுக்கு நேராகப் பிடித்துக் கண்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மூட்டினோம்.

மருந்துப்பெட்டி | ஜனவரி 29

திரையில் 58 என்று கண்டதும் எழுந்து வெளியே போனீர்களே, அதற்காக உங்களுக்கு நன்றி. இரவு முழுவதும் முறைக்காவல் என்றிருந்தால் அந்த விறகு விடியும் வரை எரிந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

கடற்காற்று | ஜனவரி 30

புரிந்துகொண்டேன் அம்மா. ஒரே ஒரு கேள்வி: இதே அடுப்பைக் கொடைக்கானல் பக்கம் பயன்படுத்த முடியுமா?

பனிப்பாதை | ஜனவரி 30

உரிமையாளர் இசைவு தந்த தனியார் தோட்டத்தில் முடியும். காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். பிப்ரவரிக்குப் பிறகு புல் காய்ந்துவிடும். அதன்பின் தனியார் இடத்திலும் வேண்டாம். ஒரு பொறி போதும்.

முதுநகர் படுதா | ஜனவரி 31

தம்பி, துளை ஒட்டு எப்படித் தாங்கியது என்று எழுதவே இல்லையே?

கெடிலக்கரையான் | ஜனவரி 31

ஐயா, மன்னிக்க வேண்டும். ஒட்டில் ஒரு நூல்கூட அவிழவில்லை. குழாயைச் சுற்றி லேசாகப் பழுப்பேறியிருக்கிறது, அவ்வளவுதான். கூரையில் மட்டும் மிளகளவில் மூன்று பொறித் துளைகள் இருக்கின்றன. வலையைத் தேய்க்கக் கழற்றிவிட்டு மாட்ட மறந்த ஒரு மாலையின் வேலை அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தைக் கொண்டுவருகிறேன், ஒட்டுப்போட்டுத் தாருங்கள். கடற்காற்று நண்பர் அடுப்பை இரவல் கேட்டுத் தனிமடல் அனுப்பியிருக்கிறார். மூன்றாம் துண்டில் தார் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதைத் தேய்த்து முடித்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளட்டும். கருவியையும் சேர்த்தே தருகிறேன்.